யாரும் பதிவு செய்யாத பாட்டு

எங்கள் ராக் குழுவின் பாடகி ஸ்டெல்லாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து, குரல் போய்விட்டது. அதற்கு முன் குருசுக்குப்பம் கடற்கரையில் பாடியதுதான் அவளுடைய கடைசிக் கச்சேரி. அன்று மழை பிடித்துக்கொண்டதால் எல்லோரும் செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டார்கள். முடிவில் அவள் மேடையிலேயே கட்டிப் பாடிய பாட்டு எங்கும் பதிவாகவில்லை. கிட்டார் வாசித்த எனக்கே மெட்டு சரியாக நினைவில்லை. அவளைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

அதை மீட்டு அவளுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று எனக்குள் ஒரு தவிப்பு. வேலை ஓடவில்லை. வந்திருந்த ரசிகர்களைத் தேடி உழவர்கரை, மூலக்குளம் என்று பைக்கில் அலைந்தேன்.

"பாட்டு நடுவுல ஒரு எடத்துல அழுவுற மாதிரி எறங்கும் தம்பி" என்று ஒருவர் முணுமுணுத்துக் காட்டினார்.

"அய்ய, அங்கதான நாம ஆடுனோம்" என்றார் அவர் மனைவி.

எல்லோரும் சொன்னதைச் சேர்த்து ஒரு மெட்டாகத் தேற்றி, ஸ்டெல்லாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"இது நான் பாடுனது இல்லடா" என்றாள், காற்றாக வந்த குரலில்.

மனம் விட்டுப்போனது. கிட்டாரை உறையில் போடப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"நல்லாருக்கு. ரெண்டாவது வரிய இன்னும் கொஞ்சம் மேல தூக்கு."

சிகிச்சைக்குப் பிறகு பாட்டுப் பேச்சே எடுக்காதவள், தொடையில் தாளம் தட்ட ஆரம்பித்தாள். இருட்டும்வரை திருத்திக்கொண்டே இருந்தோம்.

அன்று கடற்கரையில் அவள் உண்மையில் என்ன பாடினாள் என்று அதன்பின் நான் யாரையும் கேட்கவில்லை. அந்தத் தவிப்பு எப்படியோ அடங்கிவிட்டது. இந்தப் புதுப் பாட்டை யார் பாடுவது என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் சண்டை.