என்னைக் கடந்து போகாத வண்டி

அன்று அந்த வாய்க்கால் மேட்டில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான், குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியை ஓட்டி வந்த டிரைவர், மலை ஊரைச் சேர்ந்த ஒரு பெண், அவளுடைய கணவரின் அண்ணன், வண்டிக்குள் படுக்க வைத்திருந்த அவளுடைய கணவர். கடைசி ஆளைக் கணக்கில் சேர்க்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று நாங்கள் பட்ட பாடெல்லாம் அவருக்காகத்தான்.

போன கார்த்திகை மாதம். கச்சிராயபாளையத்துக்கும் கோமுகி அணைக்கும் நடுவில் நடந்தது.

கச்சிராயபாளையத்தில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறேன். ஊருக்குப் பஸ் இருக்கிறது, நான் கிளம்பும் நேரத்துக்கு இல்லை. அதனால் சைக்கிள்தான். கரும்பு வெட்டும் காலம் வந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். டிராக்டரில் கரும்பை ரோட்டின் பாதி அகலத்துக்கு ஏற்றிக்கொண்டு வருவார்கள். பின்னால் என்ன வருகிறது, எவ்வளவு கிட்டத்தில் வருகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தே கழுத்து வலி வந்தவள் நான்.

என் தம்பி சிங்கப்பூரில் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தான். வேறு வேலை கிடைத்ததும் அந்தச் சைக்கிளில் மாட்டியிருந்த ரேடார் லைட்டைக் கழற்றிக்கொண்டு வந்து எனக்குக் கொடுத்தான். சீட்டுக்குக் கீழே மாட்டவேண்டும். பின்னால் வண்டி வந்தால் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடும். முன்னால் கட்டி வைத்திருக்கும் போனில் சத்தம் கொடுக்கும், ஓரத்தில் ஒரு புள்ளி ஏறி வரும். சிவப்பு விளக்கும் அப்போது வேகமாக மின்னும். போனில் வருவதெல்லாம் இங்கிலீஷ். எட்டாவதோடு நின்றவளுக்கு அது எங்கே புரியப்போகிறது. தம்பி நிறத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தான். பச்சை என்றால் யாரும் இல்லை. ஆரஞ்சு என்றால் வண்டி வருகிறது. சிவப்பு என்றால் ரொம்ப வேகமாக வருகிறது.

"யக்கா, இனிமே நீ முன்னாடி பாத்து ஓட்டு. இப்டி திரும்பிக்கினே போனா ஒருநாளு நேரா வாய்க்கால்லதான் எறங்குவ" என்றான்.

கடையில் கூட வேலை பார்க்கிற பெண் கேலி செய்வாள். "இன்னாக்கா, உன் சைக்கிளு கோழி மாரி கத்துது. முட்ட கிட்ட வுடுதா?"

கேலி செய்தாலும் எனக்குத் தைரியமாகத்தான் இருந்தது. சத்தம் வந்தால் ஓரமாக ஒதுங்குவேன். வண்டி கடந்து போகும். மறுபடி பச்சை வரும். அவ்வளவுதான்.

அன்று தூறல். ஏழு மணிகூட ஆகவில்லை, அதற்குள் கும்மிருட்டு. தலைக்குப் பிளாஸ்டிக் கவர் போட்டுக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தேன். போன் கத்தியது. ஆரஞ்சுப் புள்ளி ஏறியது. ஒதுங்கினேன். எதுவும் கடந்து போகவில்லை. கொஞ்ச நேரத்தில் பச்சையாகிவிட்டது. யாராவது வழியில் திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தேன். மறுபடி கத்தியது. மறுபடி ஒதுங்கினேன். மறுபடி எதுவும் வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். வெளிச்சமே இல்லை. வண்டி வருகிறது என்று மெஷின் சொல்கிறது, பின்னால் பார்த்தால் வெறும் இருட்டு.

பின்னால் வருகிற வண்டி நம் வேகத்துக்கே வந்தால் ரேடாருக்குத் தெரியாமல் போய்விடும் என்று தம்பி சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்படியானால் யாரோ விளக்கை அணைத்துவிட்டு என் கூடவே வருகிறார்கள். நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வருகிறது. வேகமாக மிதித்தால் அதுவும் வேகமாக வருகிறது. என்னைத் தாண்டிப் போகமாட்டேன் என்கிறது. கழுத்தில் கிடந்த ஒற்றைச் சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டேன்.  பின்னால் யாரோ கத்துகிற சத்தம் கேட்டது. என்ன சொன்னார்கள் என்று நின்று கேட்க எனக்குப் பைத்தியமா. இன்னும் வேகமாக மிதித்தேன்.

ஊர் வர இன்னும் தூரம் இருந்தது. இடது பக்கம் வாய்க்கால் மேடு பிரியும் இடம் வந்ததும் அதில் திரும்பிவிட்டேன். ரோட்டில் போகிற வண்டி ரோட்டிலேயே போய்விடும் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போவதற்குள் போன் கத்தியது. அதுவும் திரும்பி என் பின்னாலேயே வருகிறது. அப்போது எனக்கு வந்த பயத்தை எழுதத் தெரியவில்லை. என் பிள்ளைகளின் முகம் வந்தது. இன்றைக்கு அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த நேரத்தில் பின்னால் தடால் என்று ஒரு சத்தம். எஞ்சின் உறுமி உறுமி நின்றது. நான் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தேன். அப்போதுதான் ஒரு பெண் குரல் கேட்டது.

"யாருனா இருக்கீங்களா? கொஞ்சம் வாங்களேன்."

ஆண் குரலாக இருந்திருந்தால் நான் போயே போயிருப்பேன். பெண் குரல் என்றதும் கால் நின்றுவிட்டது. சைக்கிளைத் திருப்பி, போன் டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன். ஒரு குட்டியானை. முன் சக்கரம் சேற்றில் பாதி இறங்கியிருந்தது. டிரைவர் தலையில் கை வைத்து நின்றார்.

"இன்னாம்மா நீ, ரோட்டுல போவன்னு உன் செவப்பு லைட்டப் புடிச்சிக்கினு வந்தா வாய்க்கால் மேட்டுல இட்டாந்து வுட்டுட்ட."

"நான் இன்னா கூப்ட்டனா உங்கள? இருட்டுல லைட்டு இல்லாம ஒருத்தி பின்னாடியே வந்தா அவ இன்னா நெனப்பா?"

"கள்ளக்குறிச்சி தாண்டுனதுமே மழையில லைட்டும் போச்சி, ஹாரனும் போச்சி. எவனும் நிறுத்தல. உன் லைட்டுதான் தெரிஞ்சிது. நில்லும்மா நில்லும்மான்னு கத்தறேன், நான் கத்தக் கத்த நீ ஜாஸ்தியா மிதிக்கிற. பேயா தொரத்துது? நாங்க மூணு பேரும் உசுரோடதாம்மா இருக்கோம்."

மூன்று பேர் என்றதும் அவருக்கே குரல் இறங்கிவிட்டது. நான் டார்ச்சை வண்டியின் பின்பக்கம் காட்டினேன். வெள்ளைத் துணி சுற்றிய ஓர் உடம்பு. அந்தப் பெண் அதன் தலையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி குலுங்கினால் தலை இடிக்கும் என்று கள்ளக்குறிச்சியிலிருந்து அப்படியேதான் வருகிறாளாம். முப்பது வயதுகூட இருக்காது.

கணவரின் அண்ணன் சொல்லித்தான் எனக்கு விவரம் தெரிந்தது. கரும்பு வெட்ட மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். தியாகதுருகம் பக்கம் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் அவள் கணவர் அரிசி வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்பும்போது பின்னால் வந்த வண்டி அடித்துவிட்டுப் போய்விட்டது. என்ன வண்டி என்றுகூடத் தெரியாது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் போஸ்ட்மார்ட்டம் என்று அறுத்துக் கொடுக்க அன்று சாயங்காலம் ஆகிவிட்டது. மலை அடிவாரத்தில் ஊர்க்காரர்கள் ஜீப்போடு காத்திருக்கிறார்கள். வீட்டில் இருக்கிற அவருடைய அம்மாவுக்கு, அவர் அடிபட்ட விஷயம் மட்டும்தான் தெரியும். மகன் கட்டுப் போட்டுக்கொண்டு வருவான் என்று உட்கார்ந்திருக்கிறாளாம்.

 வண்டியைப் பின்னால் எடுத்து மெயின் ரோட்டுக்கே போய்விடுங்கள் என்றேன்.

அண்ணன் மறுத்துத் தலையாட்டிவிட்டார். "வூட்டுக்குன்னு எடுத்தப்புறம் பின்னுக்குப் போவக் கூடாதும்மா. எங்க வழக்கம் அது. அவனுக்கு வழி மறந்துடும்."

"பின்னுக்கு எடுக்க எனக்கும் கண்ணு தெரியாது. எல்லாரும் வாய்க்கால்லதான் போவோம்" என்றார் டிரைவர்.

முன்னால் போகலாம் என்றால் வழி இருக்கிறது. வாய்க்கால் மேடு அணைப்பக்கம் போய் மலை ரோட்டில் சேர்ந்துவிடும். கரும்பு டிராக்டர் போகிற வழிதான். ஆனால் ஓர் இடத்தில் மழைக்குக் கரை அரித்துப் பாதிதான் மிச்சம். வழி தெரிந்தவள் நான் ஒருத்தி. வெளிச்சம் என்று இருந்தது என் சைக்கிளில் இருந்த சிவப்பு விளக்கு, கையில் ஒரு போன்.

பக்கத்துக் கொல்லையில் கிடந்த சோளத்தட்டைகளை இழுத்து வந்து சக்கரத்துக்குக் கீழே போட்டோம். டிரைவர் ஓட்ட, அண்ணனும் நானும் தள்ளினோம். மூன்றாவது தடவை ஏறியது. அந்தப் பெண் இறங்கவில்லை. அவளை இறங்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

போனை மறுபடி சைக்கிளில் கட்டிக்கொண்டு நான் முன்னால் போனேன். வண்டி என் சிவப்பு விளக்கைப் பார்த்துப் பின்னால் வந்தது. கிட்டே வந்தால் போன் கத்தும். கத்தினால் வருகிறார்கள் என்று அர்த்தம். பச்சையானால், நின்றுவிட்டார்களா, சரிந்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். அத்தனை நாளும் சத்தம் வந்தால் பயந்தவள், அன்று சத்தம் நின்றால் பயந்தேன்.

கரை அரித்த இடம் வந்ததும் இறங்கி, இடது பக்க முள்ளை ஒட்டிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். என் சைக்கிள் போகிற தடத்தை விட்டு ஒரு சாண் வலது பக்கம் வந்தாலும் வண்டி தண்ணீரில். "எடது பக்கமே வாங்க, எடது பக்கமே வாங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன். முள் கையெல்லாம் கிழித்தது. பாதி தூரத்தில் போன் அடங்கிவிட்டது. திரும்பினேன். வண்டி நின்றிருந்தது. 

"இன்னாங்க ஆச்சி?"

"தலையில இருந்த துணி அவுந்துச்சிக்கா" என்று உள்ளேயிருந்து அவள் சொன்னாள். "கட்டிட்டேன். போங்க."

அண்ணன் இறங்கி வண்டியின் பக்கவாட்டில் கை வைத்தபடி நடந்தார். ஊர்ந்து ஊர்ந்து அந்தக் கொஞ்ச தூரத்தைக் கடந்தோம்.

மலை ரோட்டில் ஏறியதும் தூரத்தில் ஜீப் வெளிச்சம் தெரிந்தது. ஊர்க்காரர்கள் ஓடிவந்து உடம்பைத் தூக்கி ஜீப்பில் வைத்தார்கள். டிரைவர் என்னிடம் லைட்டைக் காட்டி, இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். பின்னால் வண்டி வந்தால் முன்னாடியே சத்தம் கொடுக்கும் என்று சொன்னேன். அதை அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவ்வளவு நேரம் மடியில் கனத்தை வைத்திருந்ததில் மரத்துப்போன காலை நீட்ட முடியாமல் தாங்கித் தாங்கி நடந்து என் சைக்கிளிடம் வந்தாள். சீட்டுக்குக் கீழே மின்னிக்கொண்டிருந்ததை விரலால் தொட்டாள்.

"சைக்கிளு பின்னாடி செவப்பா ஒரு ஸ்டிக்கராவது ஒட்டுய்யான்னு சொல்லிக்கினே இருந்தேன்க்கா. கூலி வரட்டும்னாரு."

 அவள் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வண்டி வர்றது நமக்குச் சத்தம் கேக்குது. வண்டி ஓட்றவனுக்கும் கேக்குமாக்கா?"

"இல்லம்மா. நமக்கு மட்டுந்தான்."

அவள் விளக்கிலிருந்து கையை எடுத்தாள். ஜீப்பில் ஏறி மறுபடி அந்தத் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜீப் முதல் வளைவில் திரும்பும் வரை நின்று பார்த்தேன். வீடு போய்ச் சேரும் வரை என் போன் ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

அவள் பெயரை நான் கேட்கவில்லை. அந்த அம்மாவிடம் யார் போய் என்ன சொல்லியிருப்பார்கள் என்று பல நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். இப்போதும் தினமும் அதே ரோடு, அதே கரும்பு டிராக்டர், அதே பயம். போன் கத்தினால் ஒழுங்காக ஓரம் ஒதுங்கிவிடுகிறேன். ஆனால் ஒவ்வொரு தடவை ஒதுங்கும்போதும், இந்தச் சத்தத்தில் பாதியாவது பின்னால் வருகிறவர் காதில் விழக்கூடாதா என்றுதான் என் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.