வாசித்ததும் மறக்க வேண்டிய எண்

பெல்மதுளை பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த அம்மாவின் விரல்களில் தேயிலைக் கறை. தோட்டத்து லயக் குடியிருப்பில் சிக்னல் இல்லாததால் டவுனுக்குப் புறப்பட்டவர். போனைச் சேலைத் தலைப்பால் மூடி மூடிப் பார்த்தார். குவைத்திலிருக்கும் மகளின் ஈமெயில் பூட்டிக்கொண்டதாம். விசா பேப்பரெல்லாம் அதற்குள். திறக்கும் எண் இந்தப் போனுக்குத்தான் வரும்.

"வந்திருச்சாம்மா? நேரம் முடியப்போவுது!" ஸ்பீக்கரில் மகள் தவித்தாள்.

"யாருக்கும் காட்டாதன்னியே புள்ள, எனக்குக் கண்ணு தெரியலையே!" என்றவர், என்னிடம் போனை நீட்டினார். "வாசிங்க தம்பி. வாசிச்சதும் மறந்திருங்க."

கூச்சத்தோடு அவர் காதருகில் வாசித்தேன். அவரோ முழு பஸ்ஸுக்கும் கேட்கும்படி மகளிடம் கத்தினார்.

"தெறந்திருச்சும்மா!"

இறங்கும்போது என்னை மட்டும் சந்தேகமாகப் பார்த்தார். "மறந்துட்டீங்கல்ல?"

தலையாட்டினேன். அந்த எண் இன்னும் மறக்கவில்லை.