கொழுந்தன் பேரில் இருந்த எண்

ஜிப்பு அக்கா என்றால் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். முதுகில் பெட்டி மாதிரி ஒரு பையை மாட்டிக்கொண்டு நாளெல்லாம் ஓடுகிறார்களே, அந்தப் பையில் முதலில் போவது ஜிப்பு, அடுத்தது தோள்வார். இரண்டையும் அவள் தைத்துவிட்டால் பிறகு பை கிழிந்தாலும் தையல் பிரியாது. ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள். நாளடைவில் புதுப் பையே தைக்கத் தொடங்கினாள். வெளியூர்க் கடைகளும் கேட்டன. எழுதுவதற்குத்தான் தடுமாறுவாள், பேச்சுக்குப் பஞ்சமில்லை. கிழிந்த பையின் படம் போனில் வரும், இவள் குரலில் பதில் போகும். "இதை நாய் கடிச்சுதா, நீங்க கடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கூலியைச் சொல்வாள்.

போன் அவளுடையது. எண் மட்டும் கொழுந்தன் பேரில். கல்யாணமாகி வந்த புதிதில் அவளிடம் அடையாள அட்டை இல்லை. "அதுக்கென்ன அண்ணி, நான் வாங்கித் தரேன்" என்று அவன்தான் தன் பேரில் சிம் வாங்கிக் கொடுத்தான். அப்போது அது உதவியாகத்தான் இருந்தது.

ஒரு நாள் காலையில் தையல் மெஷின்மேல் சாய்த்து வைத்திருந்த போனில் சிக்னல் போனது. டவர் கோளாறு என்று நினைத்தாள். அணைத்துப் போட்டாள், பால்கனியில் போய்த் தூக்கிப் பிடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரம் பையை வாங்கிப்போக மஞ்சள் ஹெல்மெட்காரி வந்து நின்றாள். வண்டிக்காரர்களில் பெண்கள் சிலர்தான். அவர்களில் இவள் வாயாடி.

"என்னக்கா, புதுசா மேனேஜர் வச்சிட்டியா? உனக்குப் போன் போட்டா ஒரு ஆளு எடுக்கறாரு. இனிமே ஆர்டர் எல்லாம் தன்கிட்டதான் சொல்லணுமாம்."

ஜிப்பு அக்கா கையிலிருந்த பையை அங்கேயே போட்டாள். உள்ளே போனாள். கொழுந்தன் சாப்பாட்டு மேஜையில் புதுப் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, என் நம்பர் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"உங்க நம்பரா? என் பேர்ல இருக்கு அண்ணி. டூப்ளிகேட் சிம் கேட்டேன், கொடுத்துட்டாங்க." அவன் தலை நிமிரவில்லை. "நாலு டெய்லரை வச்சுப் பெருசா பண்ணப் போறேன். நீங்க தைக்கிறதை மட்டும் பாருங்க, பேசறதை நான் பாத்துக்கறேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அடுப்படியிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். "ஒரே வீட்டுக்குள்ள என்னம்மா உன்னுது என்னுது?"

கணவன் லாரியில் தொலைதூரம் போயிருந்தான். மஞ்சள் ஹெல்மெட்டின் போனில் அவனைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தம்பிதானே... நான் வந்து பேசிக்கறேன், நீ வாயைக் கொடுக்காதே" என்றான். பட்டும் படாத பேச்சு.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அந்த நினைப்பு சுருக்கென்று தைத்தது. பேங்க் கணக்கும் அதே எண்ணில்தான். பணம் எடுக்க வரும் ரகசிய எண் இனி அவன் போனுக்கல்லவா போகும்!

"ஏறுக்கா" என்றாள் மஞ்சள் ஹெல்மெட்.

பேங்க்கில் இருந்த பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். "நம்பரை மாத்தணும்னா பழைய நம்பருக்கு ஒரு கோட் போகும். அதைச் சொல்லுங்க."

"அந்த நம்பரே என்கிட்ட இல்லைன்னுதானேம்மா ஓடி வந்திருக்கேன்!"

அந்தப் பெண் கணினியைப் பார்த்தாள். முகம் மாறியது. "இப்பதான் யாரோ உங்க பாஸ்வேர்டை மாத்த முயற்சி பண்ணியிருக்காங்க. ஏடிஎம் கார்டு நம்பர் தெரியாததால நின்னு போயிருக்கு. கார்டு எங்க இருக்கு?"

கார்டு வீட்டில், தையல் மெஷின் டிராயரில். நூற்கண்டுக்கு அடியில். பூட்டில்லாத டிராயர்.

"முடக்கிடுங்க. யாரும் எடுக்க முடியாதபடி பண்ணிடுங்க. எனக்கும் வேணாம்."

"முடக்கலாம். விரலை வைங்க."

வைத்தாள். இயந்திரம் சிவப்பாக எரிந்தது. துடைத்து வைத்தாள். மறுபடியும் சிவப்பு. கெட்டித் துணியைத் தள்ளித் தள்ளி, ஊசி குத்திக் குத்தி, விரல் நுனியில் ரேகையே மழுங்கிப் போயிருந்தது. பின்னால் வரிசையில் ஒருவர் உச்சுக் கொட்டினார். வீட்டில் அந்த நேரம் டிராயர் திறக்கும் சத்தம் காதில் விழுவது போலிருந்தது அவளுக்கு. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். எதுவும் வேலைக்கு ஆகவில்லை.

"இடது கை?" என்றாள் அந்தப் பெண்.

இடது கைச் சுண்டு விரல். அது எந்த வேலைக்கும் போகாத விரல். பச்சை எரிந்தது.

கணக்கு முடங்கியது. வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். அழவில்லை. எதிரே இருந்த கடையில் பின்னாளில் எடுத்திருந்த தன் அடையாள அட்டையைக் காட்டித் தன் பேரில் ஒரு சிம் வாங்கினாள். வாங்கிய கையோடு மஞ்சள் ஹெல்மெட் போனை அவள் வாயருகே நீட்டினாள். "பேசுக்கா. எங்க குரூப்புல போடறேன்."

"நான்தான் ஜிப்பு அக்கா பேசறேன். பழைய நம்பர்ல ஆம்பளைக் குரல் கேட்டா, எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னு நெனச்சுடாதீங்க. அது நான் இல்லை. இதுக்குக் கீழ வர்றதுதான் என் புது நம்பர்."

அந்தக் குரல் வண்டியைவிட வேகமாக ஓடியது. உள்ளூர்க்காரர்கள் ஒருவர் விடாமல் புது எண்ணுக்கு வந்துவிட்டார்கள். வெளியூர்க் கடைகள் அப்படியில்லை. சிலருக்கு விஷயம் எட்டவே இல்லை. சிலர் யார் பேசினால் என்ன என்று இருந்துவிட்டார்கள். அப்படி ஒரு கடையிலிருந்து கொழுந்தனுக்குப் பெரிய ஆர்டர் வந்தது. அவன் வைப்பதாகச் சொன்ன நாலு டெய்லர்கள் இன்னும் காற்றில்தான் இருந்தார்கள். மெஷினருகே வந்து நின்றான்.

"அண்ணி, அவசரமா கேக்கறாங்க. தைச்சுக் கொடுத்துடுங்க."

"பேசறதை நீங்க பாத்துக்கறேன்னீங்க. தைக்கிறதையும் பாருங்க."

"குடும்ப மானம் போயிடும் அண்ணி."

"என் கணக்கைத் திறக்கப் பாத்தப்ப அது எங்க போயிருந்துச்சு தம்பி?"

மாமியாரின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அது அவளுக்குத் தெரியாத செய்தி. மகனைப் பார்த்தாள். அவன் வாசலைப் பார்த்தான். அதற்குப் பிறகு மாமியார் "உன்னுது என்னுது" பேச்சை எடுக்கவில்லை.

கணவன் வந்தான். தம்பியைத் திட்டவில்லை, சமாதானம் பேசிப் பார்த்தான். அந்தக் கடை மட்டும் கைவிட்டுப் போய்விடக்கூடாது என்றான். "போகட்டும்" என்றாள் அவள். அது போனது. அவளுக்குக் கிடைத்த பெரிய கடை அதுதான், வலிக்கத்தான் செய்தது. மெஷினை வண்டிகள் நிற்கும் தெருமுனையில் ஒரு சின்ன அறைக்கு மாற்றிக்கொண்டாள். தையலுக்கு இரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். கொழுந்தன் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

வேலை கேட்டு வந்த அன்றே அந்த இரண்டு பேரையும் போனோடு எதிரே இருந்த சிம் கடைக்கு அனுப்பினாள். "முதல்ல சிம்மை உங்க பேருக்கு மாத்திட்டு வாங்க. ஊசியில நூல் கோக்கறதை அப்புறம் பாக்கலாம்."