இன்டு போட்ட இடத்தில்

என் அக்காவின் வீட்டுக்காரருக்குக் கடல் கடந்து ஒரு வீடு இருக்கிறது. ஐந்து படுக்கையறை, நீச்சல் குளம், படகு கட்டி வைக்கத் தனியாக ஓர் இடம். நான் சொல்லவில்லை, பேப்பரில் போட்டிருந்தது. மாமாவுக்கு நீச்சல் தெரியாது. படகில் ஏறினால் வாந்தி வரும். அவரும் அக்காவும் குடியிருப்பது ஓர் அறையும் அதை ஒட்டிய சமையலறையும் உள்ள வாடகை வீட்டில். கழிப்பறைக்குப் பின்பக்கம் போய், மற்ற நான்கு குடித்தனங்களோடு வரிசையில் நிற்க வேண்டும். பேப்பரில் வந்த மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி, "வாங்க முதலாளி, நீங்க முதல்ல போங்க" என்று வழி விட்டாராம். மாமா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மாமா பத்தொன்பது வருஷம் ஒரே ஆளுக்கு கார் ஓட்டினார். அந்த ஆள் அமைச்சர் ஆவதற்கு முன்னாலிருந்தே ஓட்டினார். பள்ளம் மேடு தெரியாமல் ஓட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பின் சீட்டில் யார் என்ன பேசினாலும் காதில் வாங்கமாட்டார். அதைப் பெரிய பெருமையாகவே சொல்லிக்கொள்வார். "கேட்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டா கேட்காது மச்சான்" என்பார். எனக்கு அப்போதே எரிச்சல் வரும். ஆனால் அக்காவின் புருஷன், என்ன சொல்ல முடியும்?

படிக்கத் தெரியாதவரும் இல்லை. எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, நிதானமாகப் படிப்பார். அந்த நிதானம்தான் யாருக்கும் பொறுக்காது. அவர் முதல் வரியை முடிப்பதற்குள் எதிரில் நிற்பவருக்கு அவசர வேலை வந்துவிடும். அதனால் படிக்கிற வழக்கத்தையே விட்டுவிட்டார். ஆனால் கையெழுத்து அழகாகப் போடுவார். முழுப் பெயரும் எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி வைப்பார்.

இது அமைச்சரின் ஆடிட்டருக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டுக் காகிதத்தோடு வருவார். மாமா காரின் முன்பக்கத்தைத் துடைத்து, காகிதத்தில் தூசி படாமல் இருக்க மஞ்சள் துணியை விரித்து வைப்பார். "இன்டு போட்ட இடத்துல எல்லாம் போட்டுடுங்க, ஐயா சொன்னார்" என்பார் ஆடிட்டர். கையெழுத்துப் போட வேண்டிய ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி மாதிரி சின்னதாக ஓர் இன்டு மார்க் இருக்கும். மாமா ஒன்றையும் விடாமல் போட்டுக் கொடுத்துவிடுவார். கார் இன்சூரன்ஸ் விஷயம் என்று நினைத்தாராம். இன்சூரன்ஸுக்கு நாற்பத்து மூன்று கையெழுத்தா என்று நான் பிற்பாடு கேட்டேன். "பெரிய கார் மச்சான்" என்றார்.

எனக்குப் புரிந்த வரையில் விஷயம் இவ்வளவுதான். அமைச்சர் தன் பேரில் வெளிநாட்டில் மாளிகை வாங்கினால் பணம் ஏது என்று கேட்பார்கள், வரியும் கட்டச் சொல்வார்கள். ஆகவே வரி என்ற பேச்சே இல்லாத ஏதோ ஒரு தீவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்வது, கம்பெனி பேரில் வீட்டை வாங்குவது, கம்பெனிக்கு முதலாளியாக டிரைவரைப் போட்டுவிடுவது. இப்படிக் கம்பெனி பதிந்து கொடுக்கும் ஓர் அலுவலகத்திலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் லட்சக்கணக்கான பக்கங்களைப் பிரதி எடுத்து வெளியே விட்டுவிட்டான். பல நாட்டு அரசியல்வாதிகளின் பெயர் அதில் இருந்ததாம். எங்கள் அமைச்சரின் பெயர் ஒரு பக்கத்தில்கூட இல்லை. மாமாவின் பெயரும், அந்த வாடகை வீட்டின் கதவு எண்ணும்தான் இருந்தன.

இதில் இன்னொரு வீடும் இருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. அரசாங்கம் கட்டும் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு மாமா பதினோரு வருஷத்துக்கு முன்னால் விண்ணப்பித்திருந்தார். சொந்த வீடு இல்லாதவர்களுக்கு மட்டும் குலுக்கலில் கொடுப்பது. போன வருஷம் அவர் பெயர் வந்தது. மூன்றாவது மாடி, ஓர் அறை, ஒரு கூடம், உள்ளேயே கழிப்பறை. அந்தக் கழிப்பறைக்காகவே அக்கா இரண்டு நாள் அழுதாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் போய், கட்டடம் எவ்வளவு தூரம் எழும்பியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார்கள். அக்கா ஜன்னலை நூல் பிடித்து அளந்து, திரைச்சீலைகூடத் தைத்து வைத்துவிட்டாள்.

பேப்பரில் வந்த பத்தாவது நாள் வீட்டு வசதி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தங்களுக்கு ஏற்கெனவே வேறு வீடு இருப்பதால் ஒதுக்கீடு ரத்து செய்யப்படுகிறது, ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கவும். அக்கா கடிதத்தை என் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"எனக்கு அந்தப் படகு வீடு வேணாம்டா. கொடுத்துட்டு இதை வாங்கிக்கலாமான்னு கேளு."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

அன்று சாயங்காலம் டிவியில் அமைச்சர் பேசினார். "அந்த வீட்டுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. யார் பேர்ல இருக்கோ அவங்களைப் போய்க் கேளுங்க. என்கிட்ட வேலை பார்த்தவங்க வசதியா இருந்தா எனக்குச் சந்தோஷம்தான்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். மாமா எழுந்து போய் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அவ்வளவுதான் அவர் கோபம்.

மறுநாள் காலை ஆடிட்டர் வந்தார். முதல் தடவையாக வீட்டுக்கே வந்தார், நானும் அங்கேதான் இருந்தேன். நாற்காலி ஒன்றுதான், அதில் உட்கார்ந்து உறையைப் பிரித்தார். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. ரெண்டு இடம்தான், இன்டு போட்டிருக்கேன்." மாமாவின் கை தானாகவே சட்டைப் பையில் பேனாவைத் தேடியது. என் கண்ணால் பார்த்தேன். பாய்ந்து காகிதத்தைப் பிடுங்கிப் படித்தேன். மேற்படி வீட்டை என் சொந்தச் சம்பாத்தியத்தில் நானே வாங்கினேன், வேறு எவருக்கும் இதில் பங்கில்லை என்று எழுதியிருந்தது.

"மாமா, இதுல போட்டீங்கன்னா குலுக்கல்ல வந்த வீடும் போச்சு, நீங்க உள்ளேயும் போகணும்."

"தம்பி, ஐயா கைவிட மாட்டார்" என்றார் ஆடிட்டர், என்னைப் பார்க்காமல்.

மாமா யோசித்துவிட்டு, "ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடறேன்" என்றார். போன் செய்தார். மீட்டிங்கில் இருப்பதாக உதவியாளர் சொன்னார். மறுபடி செய்தார். மறுபடியும் மீட்டிங். ஏழு தடவை. பத்தொன்பது வருஷமாக எல்லா மீட்டிங்குக்கும் அவரைக் கொண்டுபோய் விட்டவர் இவர். அந்த நேரத்தில் மீட்டிங் எதுவும் இருக்காது என்று இவருக்குத் தெரியாதா? போனை வைத்துவிட்டு, "அப்போ வேண்டாம் சார்" என்றார். மறுநாள் அமைச்சரின் காரை வேறு ஒருவர் ஓட்டிக்கொண்டு போனார். மாமா பஸ் நிறுத்தத்தில் நின்று அதைப் பார்த்திருக்கிறார். "கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டே ஓட்டறான்" என்று மட்டும் வந்து சொன்னார். அன்று இரவு சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள்.

நான் கடையைப் பூட்டிவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன். வேறு வீடு இல்லை என்று சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார்கள். யாரிடம் வாங்குவது என்றால், அந்த வீடு எந்தக் கம்பெனி பேரில் இருக்கிறதோ அந்தக் கம்பெனியின் முதலாளியிடம் என்றார்கள். முதலாளி இவர்தானே, அதுதானே சார் பிரச்சினை என்றால், "அப்போ இவரே எழுதிக் கொடுக்கலாமே" என்கிறான் ஒரு புத்திசாலி. எழுதிக் கொடுத்தால் முதலாளி என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று நான் மூன்று ஜன்னலில் மூன்று பேருக்கு விளக்கினேன். மூவருமே நாளைக்கு வரச் சொன்னார்கள்.

கடிதம் வந்த பன்னிரண்டாவது நாள்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. செய்தி எழுதிய நிருபர் ஒரு பெண். நேரில் வந்து பேசியபோது, வெளியான பக்கங்களில் மாமா சம்பந்தப்பட்டவற்றை ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதை என் மெஷினில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மங்கலாக ஓர் இன்டு. ஆடிட்டர் அலுவலகத்தில் ரப்பர் எடுத்து அழிக்கச் சோம்பல்பட்டு, அப்படியே ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுச் சொந்தக்காரனுக்கு எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று யாராவது குறி போட்டுக் கொடுப்பார்களா?

மறுநாள் மாமாவையும் அக்காவையும் இழுத்துக்கொண்டு வீட்டு வசதி அதிகாரியிடமே போனேன். அக்காவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அதிகாரி ஐம்பது வயது அம்மா. மேஜையில் சாப்பாட்டு டப்பா இருந்தது, மணி பன்னிரண்டே முக்கால். நான் வக்கீல் மாதிரி ஒவ்வொரு பக்கமாக விரித்து இன்டுகளைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து மாமாவின் ஃபைலை எடுத்துப் பிரித்து, பதினோரு வருஷத்துக்கு முந்தைய விண்ணப்பத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

அதிலும் மாமாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஓர் இன்டு இருந்தது.

"இதுலயும் இருக்கே. அப்போ இந்த விண்ணப்பமும் அவரோடது இல்லையா?"

அந்த இன்டு என்னுடையது. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தவன் நான். என் கடையில் யாருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாலும் பென்சிலால் ஓர் இன்டு போட்டு நீட்டுவதுதான் வழக்கம். அன்று மாமா காகிதத்தைக் கையில் வாங்கி விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். கடையில் கூட்டம், "அதெல்லாம் நான் பார்த்துட்டேன் மாமா, போடுங்க" என்று அதட்டினேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆடிட்டரைத் திட்டித் தீர்த்த நானும் அதையேதான் செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அதிகாரி என்னை விட்டுவிட்டு மாமாவிடம் திரும்பினார். "வெளிநாட்டு வீடு எங்கே இருக்கு?"

"தெரியாது மேடம். பேப்பர்ல பேர் போட்டிருந்தது, வாயில நுழையல."

"இங்க உங்களுக்கு ஒதுக்கின வீடு?"

"கீழேருந்து ஐம்பத்து நாலு படி மேடம். ஏறித் திரும்பினதும் இடது பக்கம் ரெண்டாவது கதவு. சமையல் மேடை கொஞ்சம் உசரம், என் சம்சாரத்துக்கு எட்டாது, ஒரு பலகை போடணும். குளியலறை ஜன்னலுக்குக் கொக்கி மாட்டல. மேஸ்திரிகிட்ட மூணு தடவை சொல்லிட்டேன்." சற்று நிறுத்தி, "அதை இப்போ வேற யாருக்காவது கொடுத்தாலும் கொக்கியை மாட்டச் சொல்லுங்க, மழைத் தண்ணி உள்ள வரும்" என்றார்.

அதிகாரி உதவியாளரைக் கூப்பிட்டு, ஒரு வாக்குமூலத்தைத் தானே சொல்லி டைப் அடிக்க வைத்தார். அந்தக் கம்பெனியும் வெளிநாட்டு வீடும் என்னுடையவை அல்ல, என்னவென்று தெரியாமலே கையெழுத்துப் போட்டேன், எனக்கு ஒதுக்கிய வீட்டை ரத்து செய்ய வேண்டாம் என்று மாமா சொல்வதாக ஒரு பக்கம். "விசாரணை முடியற வரைக்கும் வீட்டை வேற யாருக்கும் கொடுக்காம நிறுத்தி வைக்கறேன். என்னால அவ்வளவுதான் முடியும். கையெழுத்துப் போடுங்க" என்றார்.

மாமா பேனாவைத் திறந்தார். காகிதத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னிடம் நீட்டினார். "எங்க போடணும் மச்சான்? ஒரு இன்டு போட்டுக் குடு."

என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "மாட்டேன் மாமா. நீங்க படிங்க" என்றேன்.

"நேரமாகுமே. மேடம் சாப்பிடணும்."

"ஆகட்டும். படிங்க."

அவர் மேஜையில் காகிதத்தை வைத்து, முதல் எழுத்தில் விரலை வைத்தார். அதிகாரி சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். உதவியாளர் இரண்டு தடவை கனைத்தார். மாமா வாய்க்குள் முணுமுணுத்தபடி ஒவ்வொரு வரியாக இறங்கினார். அரை மணி நேரம் ஆனபோது விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"மேடம், இதுல ரெண்டாவது மாடின்னு போட்டிருக்கு. நம்ம வீடு மூணாவது மாடி."

அதிகாரி காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு உதவியாளரை ஒரு முறை முறைத்தார். மறுபடி அடித்துக்கொண்டு வந்தார்கள். மாமா புதுக் காகிதத்தை வாங்கி, திருத்திய வரியோடு நிறுத்தாமல், திரும்பவும் முதல் எழுத்திலிருந்து விரல் வைத்தார்.

அக்கா பொறுமை இழந்து கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தாள். "என்னடா இவ்வளவு நேரம்? என்ன பண்றார் அவர்?"

"படிக்கிறார்க்கா."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இப்பவா" என்றாள். பிறகு உள்ளே வந்து, சத்தமில்லாமல் சுவரோரமாக நின்றுகொண்டாள்.