ஹல்லியும் ஹள்ளியும்

வருவாய்த் துறையில் சிரஸ்தேதாராக ஓய்வு பெற்றவனுக்கு எதையும் முறைப்படி செய்துதான் பழக்கம். மைசூரில் எங்கள் பேட்டைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டபோதும் முதலில் வருகைப் பதிவேடுதான் போட்டேன். அடுத்து, நாக்கு எங்கே தொட்டால் ல, எங்கே மடிந்தால் ள, எங்கே வளைந்தால் ழ என்று ஒரு வரைபடம் வரைந்து சுவரில் மாட்டினேன். நல்ல வரைபடம். பிள்ளைகள் அதைப் பார்த்து நாக்கை நீட்டிச் சிரித்தார்கள்.

எல்லாம் ஒன்றிலிருந்து நான்காம் வகுப்பு வரை படிப்பவர்கள். பள்ளிக்கூடத்தில் கன்னடம், வீட்டில் பாதித் தமிழ். இரண்டு வருடம் கற்பித்த பிறகும் ஒரு பெண் குழந்தை 'நான் தினமும் பல்லிக்குப் போகிறேன்' என்றே எழுதிக்கொண்டிருந்தாள். இருபது முறை திருத்தி எழுதச் சொல்வேன். இருபது முறை சரியாக எழுதுவாள். இருபத்தோராவது முறை மறுபடியும் பல்லிக்குப் போய்விடுவாள்.

பிள்ளைகள் அதிகமானதால், வகுப்பு நடத்த ஹால் கொடுத்திருந்த தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் இன்னொருவரை அழைத்து வந்தார். தமிழ்நாட்டு எல்லையோரம் கௌதள்ளிப் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு ஆயத்த ஆடை ஃபாக்டரியில் வேலை. பத்தாவது வரை கன்னடத்தில் படித்தவள். தமிழ் எழுத்து வீட்டில் தானாகக் கற்றதாம். ஹாலின் மறு மூலையைக் கொடுத்தோம்.

முதல் நாளே அந்தப் பல்லிக் குழந்தை அவள் முன்னால் நின்றது.

"கண்ணு, சுவத்துல ஓடுமே, அதுக்குக் கன்னடத்துல என்ன?"

"ஹல்லி."

"கௌதள்ளி என்ன? ஊரா, ஜந்துவா?"

"ஹள்ளி, அக்கா. ஊரு."

"ரெண்டும் ஒண்ணாவா சொன்னே?"

"இல்லக்கா. பேரெ பேரெ. வேற வேற."

"அவ்வளவுதான். 'ஹ'வைத் தூக்கிட்டு 'ப' போடு, மிச்சத்தைத் தொடாதே. ஹல்லி பல்லி. ஹள்ளி பள்ளி. ஹள்ளில ஷாலெ இருக்குதில்ல, அதான் பள்ளி. இப்ப ஹுலி சொல்லு, ஹுளி சொல்லு."

புலியும் புளியும் அன்றே சரியாகிவிட்டன. அறுபது வருடமாக இரண்டு மொழியும் பேசுகிறவன் நான். காலையில் ஹாலு வாங்கி வந்து பால் காய்ச்சுகிறவன். இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

இரண்டு மாதத்தில் என் மூலையில் ஐந்து பேர், அவள் மூலையில் பதினாறு பேர். அவளே கரும்பலகையில் ஒற்று விடுவாள். 'கன்னடச் சொல்' என்பதற்கு 'கன்னட சொல்'. நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். சொல்ல மாட்டேன். மனதில் குறித்துக்கொள்வேன்.

செயலாளர் வந்தார். "எதுக்கு சார் ரெண்டு வகுப்பு? மாசக் கடைசி சொல்வதெழுதல்ல எந்தப் பக்கம் நல்லா எழுதுதோ, அவங்களே மொத்தமாப் பார்த்துக்கட்டும்."

சொல்வதெழுதலுக்குச் சொற்களை மூத்த ஆசிரியர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த விதியை எழுதியவனே நான். பத்துச் சொற்கள் எடுத்தேன். பள்ளி, புலி, மற்ற எட்டும் ழகரம். மழை, கோழி, ஏழு, புழு, வாழை, குழி என்று. கன்னடத்தில் மளெ, கோளி, ஏளு, ஹுளு. அங்கே ழ செத்துப் பல நூற்றாண்டு ஆகிறது. அவளுடைய குறுக்கு வழி அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தேன்.

நின்றது. பதினாறு தாளிலும் 'மளை', 'கோளி'. சிவப்பு மையில் சுழித்துக்கொண்டே வந்தேன். இவ்வளவு உற்சாகமாக நான் எதையும் திருத்தியதில்லை. பிறகு என் ஐந்து தாள்களை எடுத்தேன்.

'மளை.' 'கோளி.' 'புளு.' ஐந்திலும். பள்ளியும் புலியும் மட்டும் பளிச்சென்று சரி.

"பள்ளியும் புலியும் இடைவேளையில அக்கா சொல்லிக்கொடுத்தாங்க சார்" என்றான் ஒருவன், நான் கேட்காமலே. இரண்டு வருடம் என் வரைபடத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தவன்.

அவள் வந்து தாள்களைப் புரட்டினாள். "தப்பு என்னுதுங்க சார். கன்னடத்துல ழ இல்லைங்கறதை நான் யோசிக்கவே இல்லீங்க." தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, "வேணும்னேதான் குடுத்தீங்களா?" என்றாள்.

"பாடத்திட்டத்தில் இருக்கும்மா" என்றேன்.

"குடுத்தது நல்லதுங்க. இல்லைனா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே சொன்னாள்.

செயலாளருக்குக் குறிப்பு எழுத வேண்டியது என் வேலை. இரு பக்கமும் சமம் என்று எழுதலாம். எண்கள் அதைத்தான் சொல்லின. ஆனால் இருபத்தோரு தாளிலும் சரியாக இருந்த இரண்டு சொற்கள் அவளுடையவை. தவறாக இருந்த எட்டும் நான் இரண்டு வருடம் கற்பித்தவை. கோப்பில் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. 'வகுப்பை அவரிடமே ஒப்படைக்கலாம். ழகரம் மட்டும் என் பொறுப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இப்போது ஞாயிறுதோறும் கடைசிப் பத்து நிமிடம் எனக்கு. ழவைப் பிள்ளைகள் 'சார் எழுத்து' என்கிறார்கள். மீதி நேரம் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் பக்கம் ஒரு காதை வைத்திருக்கிறேன். ழவுக்கும் ஏதாவது வழி கண்டுபிடித்துவிட்டாளா என்று. இந்த வாரம் வரை இல்லை.