எட்டில் ஒன்று மட்டும்

திறந்து கிடந்த கணினிப் பெட்டிக்குள் கையை விட்டு, புறங்கையால் அந்த உலோகத் தகடுகளைப் பழுது பார்க்க வந்தவர் தொட்டுப் பார்த்த கணம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. காய்ச்சல் அடிக்கிறதா என்று குழந்தையின் நெற்றியைத் தொடுவோமே, அப்படித்தான் தொட்டார். கையை எடுத்தார், மறுபடி வைத்தார். சூடு இல்லை. சூடு இல்லை என்பதுதான் அவரை யோசிக்க வைத்தது. எனக்கு அப்போது யோசிக்கிற நிலை இல்லை. அவர்மேல் அவ்வளவு கோபமாக இருந்தேன்.

மைசூரில் அக்ரஹாரம் என்கிற பகுதிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். ஆளில்லாமல் பறக்கும் சின்ன விமானங்களை அனுப்பி நிலத்தைப் படம் எடுத்து, அந்த ஆயிரக்கணக்கான படங்களை ஒன்றோடு ஒன்று பொருத்தி, எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்று காட்டும் வரைபடம் செய்து தருவது எங்கள் தொழில். படம் எடுப்பது அரை நாள் வேலை. பொருத்துவதுதான் பெரிய வேலை. அதை நானும் ஒரு கணினியும் பார்த்துக்கொண்டோம். அந்தக் கணினி என் பொறுப்பு. இதைவிடச் சின்னது போதும் என்று முதலாளி சொன்னபோது, எட்டு கோர் உள்ளதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்க வைத்தவள் நான். ஒரு சமையலறையில் எட்டுப் பேர் சேர்ந்து காய் நறுக்குவதுபோல, வேலையை எட்டாகப் பங்கு போட்டுக்கொள்ளும் இயந்திரம் அது. இரண்டு வருடம் ஒரு குறையும் வைக்கவில்லை.

அன்று தொட்டுப் பார்த்தவர்தான் எங்களுக்கு வழக்கமாகக் கணினி பழுது பார்க்க வருபவர். சர்வீஸ் அண்ணா என்றுதான் அலுவலகத்தில் எல்லோரும் கூப்பிடுவோம். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவராக இருப்பார். தமிழ்நாட்டு எல்லையோரம், தமிழ் பேசுபவர்கள் அதிகம் உள்ள மார்டள்ளி ஊர்க்காரர். கன்னடம் சரளமாகப் பேசுவார். ஆனால் நான் தமிழ் வீட்டுப் பெண் என்று தெரிந்த நாளிலிருந்து என்னிடம் தமிழ்தான். எனக்கோ பாதித் தமிழ் கன்னடமாகத்தான் வாயில் வரும். அதைக் கேட்டு அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. தனி ஆள், ஒரு ஸ்கூட்டர், தோளில் ஒரு பை. எங்களைப் போல ஐந்தாறு அலுவலகங்களை வைத்துக்கொண்டு பிழைத்துவந்தார்.

அந்த வருடம் மழைக்கு முன்னால் ஹனூர் பக்கத்து ஏரி ஒன்றை அளக்கும் வேலை வந்தது. ஏரிக்கரை ஓரிடத்தில் கசிந்துகொண்டிருந்தது. மழை பெய்து ஏரி நிறைந்தால் கரை தாங்காது, அதற்குள் ஒரு பக்கம் வெட்டி கூடுதல் தண்ணீர் வெளியேற வழி விட வேண்டும். எந்தப் பக்கம் வெட்டுவது என்பதுதான் கேள்வி. கரைக்குக் கீழே வீடுகள் இருந்தன. வியாழக்கிழமை காலை பொறியாளர்கள் கூடி முடிவு செய்வார்கள், அதற்குள் வரைபடம் வேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமை படங்கள் வந்து சேர்ந்தன. மாலையில் வேலையை ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். என் கணக்குப்படி ஒன்றரை நாளில், ஞாயிறு காலையில், முடிந்திருக்க வேண்டும்.

திங்கள் காலை வந்து பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குகூட முழுதாக முடியவில்லை. இதே வேகத்தில் போனால் இன்னும் பத்து நாளுக்கு மேல் ஆகும். போன செவ்வாய்க்கிழமை சர்வீஸ் அண்ணா வந்து மெமரி கூட்டிப் போட்டுவிட்டுப் போனது உடனே நினைவுக்கு வந்தது. வேறு யாரும் அதில் கை வைக்கவில்லை என்று எனக்குள் உறுதியாக இருந்தது. போன் போட்டேன்.

“அண்ணா, நீங்க கை வெச்சதுலேர்ந்துதான் மெஷின் இப்படி ஆயிடுச்சு. வியாழக்கிழமை மீட்டிங். நான் என்ன மாடணும் சொல்லுங்க” என்று கத்தினேன், செய்யணும் என்பதுகூடக் கன்னடமாகத்தான் வந்தது. அலுவலகம் முழுக்கக் கேட்டது. முதலாளிக்கும் கேட்டது.

“பதறாதீங்க மேடம். அரை மணி நேரத்துல வந்தர்றனுங்க. ஆனா மெஷினை மட்டும் ஆஃப் பண்ணீராதீங்க” என்றார்.

சொன்னபடியே வந்தார். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். அப்போதுதான் அந்தப் புறங்கை.

“சில்லுனு இருக்குதுங்க. முழுசா ஓடுனா கை வெக்க முடியாதுங்க” என்றார்.

“அதெப்படி அண்ணா? இங்க பாருங்க, நூறு பர்சென்ட் ஓடுதுன்னு காட்டுது. இதுக்கு மேல அது என்ன வேலை செய்யும்?” திரையில் கணினியின் உழைப்பை அளக்கும் பகுதியைச் சுட்டினேன். காலையிலிருந்து நான் நம்பிக்கொண்டிருந்த எண் அது. பாவம் தன் முழு மூச்சோடு உழைக்கிறது, ஏதோ உள்ளே கெட்டுப்போய் வேகம் குறைந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். “நூறுதானுங்க. எதுல நூறுன்னு பாருங்க. எட்டுக் கட்டம் தெரியோணும். ஒண்ணுதான் தெரியுது.”

பார்த்தேன். இரண்டு வருடமாகக் கோருக்கு ஒன்றாக எட்டுச் சின்னக் கட்டங்கள் வரிசையாக இருந்த இடத்தில் ஒரே ஒரு பெரிய கட்டம் இருந்தது. அது நிறைந்திருந்தது. மற்ற ஏழும் இல்லவே இல்லை. அந்த எண்ணைப் பார்த்த கண் அதைப் பார்க்கவே இல்லை. அறையில் எப்போதும் கேட்கும் கணினி விசிறியின் இரைச்சல் இல்லாததும் அப்போதுதான் உறைத்தது. சமையலறையில் ஒருவர் மட்டும் மூன்று நாளாக நின்று நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். மற்ற ஏழு பேரை உள்ளேயே விடவில்லை.

முதலாளி தன் அறையிலிருந்து எழுந்து வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார். சர்வீஸ் அண்ணா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையில் இரண்டு மூன்று சன்னல்களைத் திறந்து மூடினார். கடைசியாக ஒன்றைத் திறந்தார். கணினி தொடங்கும்போது எத்தனை கோர்களை எழுப்ப வேண்டும் என்று சொல்லும் இடம் அது. அங்கே ஒரு சிறிய பெட்டியில் சரிக்குறி போட்டிருந்தது. பக்கத்தில் ‘1’ என்று இருந்தது.

“இதை யாராச்சும் மாத்துனீங்களா?” என்று பொதுவாகக் கேட்டார்.

அந்தச் சன்னலைப் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு அதைத் தெரியும். போன வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டே ஒரு காணொளி பார்த்தேன். கணினி காலையில் சீக்கிரம் திறக்க ஒரு வழி என்று யாரோ வேகவேகமாகச் சொல்லிக்கொண்டு போனார். அந்தப் பெட்டியில் சரிக்குறி போட்டு, பெரிய எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். சரிக்குறி போட்டேன். எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முன் என் போன் அடித்தது. ஒரு கையால் போனை எடுத்துக்கொண்டு, தானாக வந்து நின்ற ‘1’ஐக் கவனிக்காமல், மறு கையால் ‘சரி’யை அழுத்திவிட்டேன். அதோடு மறந்தும் போனேன். அன்று மாலை கணினியை அணைத்தேன். மறுநாள் காலை அது ஒற்றைக் கோரோடு எழுந்திருக்கிறது.

சர்வீஸ் அண்ணா திரும்பி என் முகத்தை ஒரே ஒருமுறை பார்த்தார். பிறகு முதலாளியிடம் கன்னடத்தில், “அப்டேட் வரும்போது சில நேரம் இந்த மாதிரி ஆகும் சார். சரி பண்ணிடலாம்” என்றார்.

தப்பித்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. அதை மறைக்க விரும்பவில்லை.

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அப்டேட்டோ, போன வாரம் நீங்க பண்ணினதோ, யாருக்குத் தெரியும்? இதை இன்னைக்குச் சரி பண்ணிக் கொடுத்திடுங்க. அடுத்த மாசத்திலிருந்து நாங்க வேற ஆளைப் பார்த்துக்கறோம்” என்றார், அவரும் கன்னடத்தில்.

சர்வீஸ் அண்ணா “ஆகலி சார்” என்றார். ஆகட்டும் என்று அவ்வளவுதான். துடைக்கும் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். அந்தத் துணியை நாலாக மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

“நானே மாடித்து, சார்” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. நான்தான் செய்தேன் என்பதைச் சொன்ன பிறகு மற்றது தானாக வந்தது. காணொளி, சரிக்குறி, போன், எல்லாம். அவர் மெமரி போட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதையும் சொன்னேன். காலையில் அவரிடம் போனில் கத்தியது தப்பு என்றும் சொன்னேன்.

முதலாளி சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சர்வீஸ் அண்ணாவின் பக்கம் திரும்பி, “க்ஷமிசி” என்றார். மன்னிப்புக் கேட்கிற மனிதர் அல்ல அவர். அந்த ஒரு சொல்லுக்கு அவர் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. என்னிடம், “இப்ப என்ன பண்ணணும், அதைச் சொல்” என்றார்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். சரிக்குறியை எடுத்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்க வேண்டும். ஆனால் அணைத்தால், மூன்று நாளாக ஓடிய வேலை மொத்தமும் போய்விடும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எட்டும் எழுந்தால் புதன்கிழமை விடியும்போது முடியும். எழாவிட்டால் கையில் ஒன்றுமே இருக்காது.

“எழுந்திடுமா அண்ணா?” என்றேன்.

“எழும்புமுங்க. அதுக்கு ஒண்ணும் ஆகலீங்க. நாமதான் கட்டிப் போட்டிருக்கறோம்” என்றார். ‘நாம’ என்ற அந்தச் சொல்லை நான் கவனித்தேன்.

அழுத்தினேன். திரை கறுத்தது. அந்த ஒரு நிமிடம் மூன்று பேரும் கறுப்புத் திரையில் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றோம். திரும்ப வெளிச்சம் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கட்டங்களைத் திறந்தேன். எட்டு இருந்தன. படங்களை ஏற்றி ஓட விட்டேன். ஒன்றன்பின் ஒன்றாக எட்டும் உச்சிக்கு ஏறின. கொஞ்ச நேரத்தில் விசிறி இரைய ஆரம்பித்தது. அத்தனை நாள் எரிச்சலூட்டிய சத்தம். அன்று கண்ணில் நீர் வந்தது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு முன்பே வந்துவிட்டேன். வரைபடம் தயாராக இருந்தது. கிழக்குப் பக்கம் வெட்டுவது என்று பொறியாளர்கள் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்களாம். கிழக்கே நிலம் கண்ணுக்குத் தெரியாதபடி வீடுகளை நோக்கிச் சரிந்திருப்பதை வரைபடம் காட்டியது. மேற்கில் வெட்டினார்கள். மழைக்காலத்தில் ஒருநாள் அந்தப் பொறியாளர்களில் ஒருவர் முதலாளிக்குப் போன் செய்தார். தண்ணீர் மேற்கே வயல் வாய்க்காலில் போய்ச் சேர்ந்தது, ஒரு வீட்டு வாசலும் நனையவில்லை என்றார். முதலாளி அதை எழுந்து வந்து என் மேசையருகே நின்று சொன்னார். அன்றுதான் நான் முழுதாக மூச்சு விட்டேன்.

இப்போது அந்தக் கணினி எங்களிடம் இல்லை. அதைவிடப் பெரியது வந்துவிட்டது. எங்களுக்கு இன்றும் சர்வீஸ் அண்ணாதான் வருகிறார். அக்ரஹாரத்தில் சின்னதாக ஒரு கடையும் போட்டிருக்கிறார். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது காபிக்கு உட்கார வைத்தார். இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன். “அண்ணா, அன்னைக்கு ஏன் அப்டேட்னு பொய் சொன்னீங்க? உங்க வேலையே போயிருக்குமே?”

அவர் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். “முன்னாடி ஒரு ஃபேக்டரில வேலை பாத்தனுங்க. ஒருக்கா தெரியாம ஒரு டிஸ்க்கை அழிச்சுப் போட்டேன். அன்னைக்கு அத்தனை பேரு சுத்தி நின்னாங்க. எனக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல ஒருத்தருமில்லீங்க. உங்க மூஞ்சியைப் பாத்ததும் அது நெனப்பு வந்துருச்சு.”

பிறகு சிரித்தார். “ஆனா நீங்களே சொல்லிப்போட்டீங்க. நான் சொன்ன பொய்தான் வீணாப் போச்சுங்க.”