உள்ளங்கால் அரிப்பும் இரண்டாவது பிரேக்கும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்குப் பிரேக் அக்கா என்று பெயர். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மற்றவர்கள் அதை ஆபத்துக்கு மட்டும் மிதிப்பார்கள். இவளுக்கோ யார் ஓட்டினாலும் நம்பிக்கை கிடையாது. பேருந்தில் போனால்கூட வளைவு வரும்போதெல்லாம் வலது காலால் தரையை அழுத்துவாள். கல்யாணமான புதிதில் கணவன் ஆசையாகக் காரில் அழைத்துப் போனான். இறங்கியதும் அவன் கியர் மாற்றுவதில் உள்ள குறைகளை இவள் வரிசையாகச் சொன்னாள். அவன் கப்பல் வேலைக்குப் போனதற்கு அதுதான் காரணம் என்று பள்ளியில் கேலி பேசுவார்கள்.

வயிற்றுப் பிள்ளைக்கு எட்டு மாதம் ஆனபோது அரிப்பு ஆரம்பித்தது. வயிறு மட்டும் அரித்திருந்தால் தோல் விரிகிறது என்று விட்டிருப்பாள். இது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரித்தது. சிவப்பு இல்லை, தடிப்பு இல்லை, பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. படுத்தால் இன்னும் மோசம். ஈரத்துணி, தொளதொள பருத்தி உடை, மருந்துக்கடைக்காரர் கொடுத்த ரோஸ் நிற லோஷன் எல்லாவற்றுக்கும் ஆயுள் கொஞ்ச நேரம்தான். அப்புறம் சீப்பு, ஸ்கேல், கதவின் விளிம்பு என்று இறங்கிவிட்டாள். துணி துவைக்கிற பிரஷ்ஷைக் காணோம் என்று மாமியார் வீட்டையே புரட்டிப் போட்டார். அது மருமகளின் தலையணைக்குக் கீழே இருந்தது.

இந்த மாமியார் சாதாரணப் பேர்வழி இல்லை. துணிக்கடையில் காலமெல்லாம் நின்றபடியே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் நடுக்கடலில் இருக்கிறான், திடீரென்று வலி எடுத்தால் மருமகளை யார் கூட்டிப்போவது என்று ஒருநாள் யோசித்தார். மறுநாளே பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, எல் போர்டும் கையுமாக வந்து நின்றார். கற்றுக்கொடுக்க வாய்த்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் “ஏம்மா, அடுப்பை அணைச்சியா?” என்று அதட்டுகிறவர், காரில் ஏறியதும் “சொல்லுங்க மேடம்” என்பார். மருமகளுக்கு அந்த ஒரு மணி நேரம் சொர்க்கமாக இருந்தது.

ஆனால் மாமியாருக்குக் கார் வசப்படவில்லை. நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று குலுங்கி நின்றுவிடும். அன்று காலையும் அப்படித்தான். காய்கறிச் சந்தை தாண்டி ஒரு முறை, அஞ்சலகத்துக்கு எதிரே ஒரு முறை. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனில் கச்சேரியே நடத்தினார். பிரேக் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேராகப் போகிற ரோட்டில் எதற்கு பிரேக் என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். நான் மிதிக்கவே இல்லை என்று மாமியார் சாதித்தார். எல்லா மாணவர்களும் இதைத்தான் சொல்வார்கள் என்றாள் இவள். எனக்கு இது வராது, விட்டுவிடுகிறேன் என்று மாமியார் கண் கலங்கி வண்டியைக் கிளப்பினார்.

ஒரு பள்ளிக்கூடச் சுவர் ஓரமாக வண்டி மூன்றாவது முறை நின்றது. மாமியார் இரண்டு கால்களையும் மடக்கி இருக்கைமேல் வைத்துக் காட்டினார்.

“இப்ப யாரு மேடம் மிதிக்கிறது?”

பிரேக் அக்கா குனிந்து பார்த்தாள். வயிறு மறைத்தது. எட்டிப் பார்த்தாள். செருப்பு ஒரு மூலையில் கிடந்தது. வலது உள்ளங்கால் இரண்டாவது பிரேக்கின் ரப்பர் வரிகளில் சுகமாக, முன்னும் பின்னுமாகத் தேய்ந்துகொண்டிருந்தது. அது தேய்ப்பது அவளுக்கே தெரியாது. மாமியார் சிரிக்க ஆரம்பித்தார். இவளுக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு வலித்தது, ஒருத்தியின் வயிற்றில் பிள்ளை வேறு உதைத்தது.

சிரிப்பு ஓய்ந்ததும் மாமியார் அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பார்த்தார். தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. லோஷன் கதையெல்லாம் போதும் என்று கைபேசியை எடுத்து மருத்துவமனைக்குப் பேசினார். தடிப்பு உண்டா என்று நர்ஸ் கேட்டாள். இல்லை. எங்கே அதிகம் அரிக்கிறது? உள்ளங்கை, உள்ளங்கால். நர்ஸின் குரல் மாறியது. ஈரல் சரியாக வேலை செய்யாமல் பித்தநீர் ரத்தத்தில் சேர்ந்தாலும் இப்படி அரிக்கும், அது பிள்ளையைப் பாதிக்கலாம், இன்றைக்கே வந்து ரத்தம் கொடுங்கள் என்றாள்.

பிரேக் அக்காவுக்குப் பயம் வந்தது. தோல்தானே என்று இத்தனை நாள் சொறிந்துகொண்டு இருந்தோமே, உள்ளே இருக்கிற ஜீவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று பதறினாள். நானே ஓட்டுகிறேன் என்று காலை மறுபடியும் பிரேக்கில் ஊன்றிக் கதவைத் திறந்தாள்.

“இந்தக் காலை வச்சுக்கிட்டா? உக்காரு. முதல்ல காலைப் பிரேக்ல இருந்து எடு. எடுத்தாத்தான் வண்டி நகரும்.”

‘மேடம்’ காணாமல் போயிருந்தது. பிரேக் அக்கா தன் தொழில் வாழ்க்கையில் முதன்முறையாகக் காலை எடுத்தாள். சிக்னல் வந்தபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டாள். கியர் கரகரத்தது, ஒரு சைக்கிள்காரர் பயந்து இறங்கியே நின்றுவிட்டார். ஆனால் வண்டி ஒரு இடத்திலும் குலுங்கி நிற்கவில்லை.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் பட்டையைக் கட்டிப் பிள்ளையின் இதயத்துடிப்பை வெகுநேரம் கேட்டார்கள். சாயங்காலம் முடிவு வந்தது. பித்தநீர் கொஞ்சம் ஏறியிருக்கிறது, பிள்ளை நன்றாக இருக்கிறது, மாத்திரை சாப்பிட வேண்டும், வாராவாரம் பரிசோதனைக்கு வர வேண்டும், தேவைப்பட்டால் பிரசவத்தை முன்னாலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். பிள்ளை நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் இவள் மறுபடியும் சொல்லச் சொன்னாள். வாராவாரம் என்பதை மட்டும் மாமியார் பிடித்துக்கொண்டார். ஓட்டிப் பழக இதைவிட வேறென்ன வேண்டும் என்று அவர் கேட்டதில் டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பும்போது பிரேக் அக்கா தூங்கிப்போனாள். பயிற்சியாளர் விழித்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இத்தனை ராத்திரி தூங்காத உடம்புக்குச் சட்டம் தெரியவில்லை.

கண் விழித்தபோது தெருவிளக்குகள் எரிந்தன. வண்டி ஒரு மைதானத்தின் ஓரமாக, நடந்து போகிறவர்களே முந்திவிடும் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.

“எங்க இருக்கோம், அத்தை?”

மாமியார் பார்வையை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார்.

“நம்ம தெரு முனை மைதானம்தான். வீட்டு வாசல்ல நிறுத்தினேன். நிறுத்தின உடனே தூக்கத்துலயே சொறிய ஆரம்பிச்சுட்டே. வண்டி ஓடினா நல்லாத் தூங்குற. அதான் சுத்திக்கிட்டே இருக்கேன்.”

“பெட்ரோல் விளக்கு எரியுதே.”

“அது எரியட்டும். பெட்ரோல் போடுறது எப்படின்னு நீ இன்னும் சொல்லித்தரல.”

வளைவு வந்தது. பிரேக் அக்காவின் கால் அசையவில்லை.

“இன்னும் ஒரே ஒரு சுத்து, அத்தை,” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.